மூடுபனியில் ரோயல் ஐசிங்: விலங்கு பிஸ்கட் ஏன் காய்வதில்லை?

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மகனின் பிறந்தநாளுக்கு மாடு, சிறுத்தை, யானை, மரை, காட்டுக்கோழி என்று விலங்கு வடிவ பிஸ்கட் சுட்டு, ரோயல் ஐசிங் (ஐசிங் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்துச் செய்யும், காய்ந்தால் இறுகும் பூச்சு) போட்டு ஒத்திகை பார்த்தாராம். ஓர் இரவு முழுக்க வைத்தும் மேற்பரப்பு விரலில் ஒட்டியது. மாட்டின் கறுப்புத் திட்டுகள் வெள்ளைக்குள் சாம்பலாகப் பரவின. கண்ணுக்கு வைத்த புள்ளிகள் நடுவில் குழி விழுந்தன. கொழும்புக்கு அருகே கடலோர வத்தளையில் இருக்கும் அண்ணியோ இதே செய்முறையை வைத்துக்கொண்டு ஒரே பிற்பகலில் காயவைத்து அடுக்கிவிடுகிறார். "நான் எந்த அளவில் பிழை விடுகிறேன், அக்கா?" என்பது கேள்வி. விழா வருகிற சனிக்கிழமை. அதில் ஒரு பெட்டி வத்தளைக்கும் போக வேண்டுமாம்.

அளவில் பிழை இல்லை, தங்கச்சி. 500 கிராம் ஐசிங் சீனிக்கு மூன்று முட்டை வெள்ளைக்கரு என்று நீங்கள் எழுதியிருக்கும் கணக்கு எங்கும் செல்லுபடியாகும் கணக்கு. உங்கள் கையிலும் பிழை இல்லை. பிழை ஆனி மாதத்துத் தலவாக்கலைக் காற்றில் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் ஐசிங் செய்முறைகளில் பெரும்பாலானவை உலர்ந்த, சூடேற்றிய வீடுகளில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. "எட்டு மணி நேரம் காயவிடுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நமக்கு அந்த ஒரு வரிதான் முழு வேலையும்.

ரோயல் ஐசிங் காய்வதென்றால் அதிலிருக்கும் நீர் காற்றுக்குள் போக வேண்டும். நீர் போகப் போக, கரைந்திருந்த சீனி நுண்ணிய பளிங்குகளாகி முட்டைப் புரதத்தோடு சேர்ந்து இறுகுகிறது. நீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருந்தால்தான் இது நடக்கும். சீனிக்கு இன்னொரு குணமும் உண்டு: சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை விடாது, காற்றிலிருந்து இழுக்கத் தொடங்கிவிடும். தென்மேல் பருவமழையின்போது மலையகத்தின் மேற்குச் சரிவில், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம், இரவில் 90ஐத் தாண்டுவது வழக்கம். அப்படிப்பட்ட இரவில் மேசையில் திறந்து வைத்த பிஸ்கட் விடியும்வரை காயாது. மாலையில் பாதி காய்ந்திருந்ததும் விடியற்காலையில் இளகிப்போயிருக்கும். எத்தனை மணி நேரம் கூட்டி வைத்தாலும் பயனில்லை.

வத்தளையிலும் ஈரப்பதன் குறைவில்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 30 பாகை செல்சியஸில் உள்ள காற்று தாங்கக்கூடிய நீராவி, 16 பாகைக் காற்று தாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அங்கே 30 பாகையும் 75 சதவீதமும், உங்கள் வீட்டில் மாலையில் 16 பாகையும் 95 சதவீதமும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். இன்னும் நீராவியை ஏற்றுக்கொள்ள மிச்சமிருக்கும் இடம் அண்ணி வீட்டுக் காற்றில் பத்து மடங்குக்கும் மேல். போதாததற்கு அங்கே தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். நம் பக்கத்தில் மின்விசிறி வைத்திருக்கும் வீடு எத்தனை? அண்ணியின் கைவண்ணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அவருக்குப் பாதி வேலையை ஊர்க் காற்றே செய்து கொடுத்துவிடுகிறது.

இந்தச் சிக்கலைத் தேயிலைத் தொழிற்சாலைகள் எப்போதோ தீர்த்துவிட்டன. கொழுந்து வாட்டும் மாடியைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட தொட்டிகளில் வலைமேல் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து விசிறியால் காற்றை ஊதி, 12 முதல் 18 மணி நேரம்வரை வாட்டுவார்கள். வெயில் நாளில் வெளிக்காற்றே போதும். மழை நாளில் அதோடு சூடான காற்றைக் கலப்பார்கள். என் தந்தை அப்படியொரு தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருந்தவர். மழை இறங்கினால் அவர் கண் வானத்தைப் பார்க்காது. ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் இரண்டு வெப்பமானிகளுக்கு நடுவில் எத்தனை பாகை வித்தியாசம் என்றுதான் பார்க்கும். வித்தியாசம் குறைந்தால் காற்றில் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சூட்டையும் அளவோடுதான் விடுவார். கூடினால் கொழுந்து கெட்டுவிடும். இளஞ்சூடான, ஓடிக்கொண்டே இருக்கும் காற்று: ஐசிங்குக்கும் தேவை இதுதான். மேலே சொன்ன 16 பாகை, 95 சதவீதக் காற்றை 24 பாகைக்குச் சூடாக்கினால், அதிலிருந்து ஒரு சொட்டு நீரை எடுக்காமலேயே ஈரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். எட்டே எட்டுப் பாகைதான் வேண்டும்.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? மின்சாரப் போறணை இருந்தால் எளிது. அதைச் சூடாக்க வேண்டாம். உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு, கதவை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்து, தட்டுகளை உள்ளே வையுங்கள். வாசலில் ஒரு சின்ன மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் இன்னும் நல்லது. போறணை இல்லையென்றால் பழைய மரப் பாத்திர அலுமாரி போதும். கீழ்த்தட்டில் 40 வாட் பழைய மாதிரி மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு, மேலும் கீழும் காற்றுப் போய்வர வழி விடுங்கள். எல்ஈடி குமிழ் உதவாது, அதில் சூடு இல்லை. குமிழைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் துணியோ கடதாசியோ இருக்கக்கூடாது; ஆளில்லாத வீட்டில் அதை எரியவிட்டுப் போகவும் கூடாது. அலுமாரிக் கதவை இறுக மூடிவிடுவதுதான் பலரும் செய்வது. மூடினால் பிஸ்கட்டிலிருந்து வெளியேறிய நீர் போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பிஸ்கட்டிலுள்ள பட்டர் இளகி மேலே ஏறி, வெள்ளை ஐசிங்கில் எண்ணெய்த் திட்டாகத் தெரியும்.

ஈரப்பதன் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஐசிங் பிழியும் நொசில்களைப் புதிது புதிதாக வாங்குவதைவிட அது பயனுள்ள செலவு. 60க்குக் கீழே என்றால் நிம்மதியாக வேலை செய்யலாம். 70 என்றால் பொறுமை வேண்டும். 80 என்றால் அன்றைக்குப் பிஸ்கட் சுடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமையலறையில் ஐசிங் வேலை வேண்டவே வேண்டாம். சோறு கொதிக்கிறது, கேத்தல் கொதிக்கிறது, அது ஒரு பக்கம். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று காஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குபவர்கள் இருக்கிறார்கள். காஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்தே உண்டாகிறது. அறை கதகதப்பாகும், ஐசிங் காயாது. விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காயத்தான் செய்யும், ஆனால் புகை வாசமும் ஏறிவிடும். குளிர்சாதனப்பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெளியே எடுத்த அடுத்த நிமிடம் பிஸ்கட் வியர்த்துவிடும்.

காற்றைச் சரிசெய்தாயிற்று. இனி ஐசிங்கிலேயே நீரைக் குறைக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். முட்டைக்கு முட்டை அளவும் மாறும். அதனால் மழைக்காலத்தில் நான் உலர்ந்த வெள்ளைக்கருவில் செய்யும் மெரிங் பவுடரையே பயன்படுத்துவேன். 500 கிராம் ஐசிங் சீனி, 3 மேசைக்கரண்டி மெரிங் பவுடர், 75 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர். குறைந்த வேகத்தில் ஏழெட்டு நிமிடம் அடித்தால் கரண்டியைத் தூக்கும்போது கூம்பு மடியாமல் நிற்கும். கூடிய வேகத்தில் அடித்தால் காற்றுக் குமிழிகள் புகுந்துகொள்ளும். காய்ந்த பிறகு அவைதான் ஊசித் துளைகளாகத் தெரியும். மெரிங் பவுடர் கண்டியிலும் கொழும்பிலும் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அது கிடைக்காமல் முட்டைதான் என்றால், வெள்ளைக்கருவையும் கொஞ்சம் சீனியையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறி 71 பாகைக்குச் சூடாக்கிவிட்டு, ஆறவைத்து அடியுங்கள். விருந்துக்கு வருபவர்கள் சின்னப் பிள்ளைகள். பச்சை முட்டையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்க வாய்ப்புண்டு. முட்டையே ஆகாது என்பவர்கள் கொண்டைக்கடலை அவித்த நீரைச் சுண்டவைத்து அடிப்பார்கள். அதுவும் நுரைக்கும், ஐசிங்கும் வரும். ஆனால் இந்த மழையில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

திருமணக் கேக் வேலை கற்றவர்களிடம் ரோயல் ஐசிங் பழகியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பழக்கேக்கின் மேல் பூசும் ஐசிங்கில் கிளிசரின் சேர்ப்பார்கள். கத்தி இறங்க வேண்டும், கல்லாகக்கூடாது என்பதற்காக. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். பளபளப்புக்கென்று சொல்லப்படும் திரவ குளுக்கோஸும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டையும் பிஸ்கட் ஐசிங்கில் சேர்க்காதீர்கள். பளபளப்பு வேண்டுமென்றால் ஊற்றிய உடனே காற்றோட்டத்தில் வையுங்கள். மேல்தோல் விரைவாகக் காய்ந்தால் மினுக்கம் தானாக வரும். தேசிக்காய்ச் சாறு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நுரை நிற்க அது உதவும். கூடினால் அதுவும் நீர்தானே.

பாத்திரத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் நுரை எழாது. பிளாஸ்டிக் பாத்திரம் எத்தனை தரம் கழுவினாலும் எண்ணெய்ப் பசையை விடாது என்பதால் கண்ணாடி அல்லது எவர்சில்வர் எடுங்கள். திறந்து வைத்த ஐசிங் சீனிப் பொதி நம் ஊரில் சில நாட்களிலேயே கட்டி பிடிக்கும். இரண்டு முறை அரிக்க வேண்டும். ஒரு சின்னக் கட்டி போதும், நொசிலை அடைத்து, அழுத்தும்போது பீறிட்டு, சிறுத்தையின் முகத்தைக் கெடுக்க.

தடிப்பு விஷயத்தில் அச்செழுத்தில் வரும் அறிவுரையை நான் மாற்றிச் சொல்வேன். ஐசிங்கின் மேல் கத்தியால் ஒரு கோடு கீறி, கோடு மறைந்து மேற்பரப்பு சமனாக எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவது வழக்கம். நிரப்புவதற்கு 10 விநாடி ஐசிங் என்பார்கள். மழைக்காலத்தில் 15 முதல் 20 விநாடி வரை தடிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தானாக ஓடாது, பற்குச்சியால் மூலைகளுக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும். கை கொஞ்சம் வலிக்கும். ஆனால் நீர் குறைவு, காய்வது வேகம், குழி விழுவதும் குறையும். நீர் சேர்க்கும்போது கரண்டியால் ஊற்றாமல் துளித்துளியாக விடுங்கள். எல்லைக்கோட்டுக்கு வேறு, நிரப்பலுக்கு வேறு என்று இரண்டு வகை கலக்காமல், இந்த 20 விநாடி ஐசிங் ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் வேலையும் பாதியாகும்.

பிஸ்கட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் உங்களுக்குச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை. 225 கிராம் பட்டர், 180 கிராம் சீனி, ஒரு முட்டை, 400 கிராம் கோதுமை மா, வனிலா. பேக்கிங் பவுடர் வேண்டாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே வாயு கூடுதலாக விரியும். மரையின் கால்கள் வீங்கி யானைக்கால் ஆகிவிடும். உங்கள் ஊர் அவ்வளவு உயரமில்லை, இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. 6 மில்லிமீற்றர் தடிப்பு, 175 பாகை, 10 முதல் 12 நிமிடம். வெட்டிய மாவைப் போறணைக்கு முன் குளிரவைக்க வேண்டும் என்பார்கள். அதற்கு மட்டும் நமக்கு ஜன்னலோரமே போதும். சுட்ட பிஸ்கட்டை அதே நாளில் ஐசிங் செய்யாதீர்கள். ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் அடைத்து மறுநாள் எடுங்கள். வெளியே விட்டால் அதுவும் ஈரம் குடித்து நமத்துப்போகும். நமத்த பிஸ்கட்டின் மேல் எந்த ஐசிங்கும் காயாது.

வெட்டும் அச்சு எல்லா விலங்குக்கும் கிடைக்காது. ஐஸ்கிரீம் டப்பா மூடியில் உருவத்தை வரைந்து வெட்டி, மாவின் மேல் வைத்துச் சுற்றிலும் கூர்மையான கத்தியை ஓட்டினால் போதும். வரையும்போதே கால்களைச் சேர்த்து, கழுத்தைத் தடிப்பாக்கிவிடுங்கள். மரைக்குக் கொம்பு தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும் அச்சு வேண்டாம், போகிற வழியிலேயே ஒடியும். தலையை மட்டும் பெரிய வட்டமான பிஸ்கட்டில் வரைந்து, கொம்பை அதே பிஸ்கட்டின் மேல் கடினமான ஐசிங்கால் இழுக்கலாம். குதிரைக்கும் இதையே சொல்வேன். ஏப்ரல் சீசனில் நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து குதிரை பிஸ்கட் கேட்காத பிள்ளை இல்லை. அந்த மெல்லிய கால்களைச் சுட்டு எடுப்பது பெரும்பாடு.

இனி ஒவ்வொரு விலங்காக வருகிறேன்.

மாடு. நீங்கள் செய்தது ஈரத்தின் மேல் ஈரம் விடும் முறை: வெள்ளையை நிரப்பி, அது காயுமுன் கறுப்பைச் சொட்டுவது. இரண்டும் ஒரே மட்டத்தில் அமர்ந்து வழவழப்பாக வரும், உண்மைதான். அம்பேவெலப் பண்ணையில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் பிரீசியன் மாடுகளின் திட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது, காற்று உலர்ந்திருந்தால். காய்வது மெதுவாகும்போது நீர் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நகரும். போகும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு போகும். எனவே இந்த மாதத்தில் வெள்ளையை ஓர் இரவு முழுதாகக் காயவைத்து, அதன் மேல் கறுப்புத் திட்டை மெல்லியதாகப் போடுங்கள். சற்று மேடாகத் தெரியும். தெரியட்டும். மூக்குக்கு இளஞ்சிவப்பு கடைசியில்.

சிறுத்தைக்கு மட்டும் ஈரத்தின் மேல் ஈரம் முறையை மழையிலும் துணிந்து செய்யலாம். அடியில் மஞ்சளும் துளி பழுப்பும் கலந்த நிறம், அதன் மேல் பழுப்புப் பொட்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் கொஞ்சம் பரவினாலும் உரோமம் போலத்தான் தோன்றும். அது காய்ந்த பிறகு ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் இரண்டு மூன்று உடைந்த கறுப்புக் கீற்றுகள். வட்டத்தை மூடிவிடாதீர்கள். இந்த ரோசாப்பூ வடிவத் திட்டுகள் முதுகிலும் விலாவிலும் மட்டும். முகத்திலும் கால்களிலும் வெறும் கறுப்புப் புள்ளி. இதைக் கவனிக்காமல் உடம்பு முழுக்கப் புள்ளி வைத்தால் வேறு நாட்டு விலங்காகிவிடும். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

யானையை ஒரே வீச்சில் நிரப்பினால் சாம்பல் நிறக் கட்டியாகத்தான் வரும். பகுதி பகுதியாகப் பிரியுங்கள். நம் கண்ணுக்குத் தூரத்தில் இருப்பது முதலில்: அந்தப் பக்கத்துக் கால்கள். அடுத்து உடம்பு, பிறகு தலையும் தும்பிக்கையும், எல்லாவற்றுக்கும் கடைசியில் காது. ஒன்றையொன்று தொடும் இரண்டு பகுதிகளை அடுத்தடுத்து நிரப்பக்கூடாது. முதல் பகுதியின் மேல்தோல் இறுகிய பிறகுதான் பக்கத்துப் பகுதி. இளஞ்சூட்டுக் காற்றில் அதற்கு அரை மணி நேரம் போதும். அந்த இடைவெளியில் மற்ற யானைகளின் கால்களைப் போடலாம். கண்டிப் பெரஹரா யானை வேண்டுமென்றால், முழு உடம்பும் காய்ந்த மறுநாள், 1ஆம் இலக்க நொசிலால் முகபடாமின் கரையையும் மணிகளையும் இழையுங்கள். சிவப்புத் துணியின் மேல் மஞ்சள் இழை, அவ்வளவு போதும். உண்மையில் இருக்கும் வேலைப்பாடு முழுவதையும் ஒரு பிஸ்கட்டில் கொண்டுவர நினைத்தால் சனிக்கிழமை வந்துவிடும்.

ஹோர்ட்டன் சமவெளியில் வண்டியருகே வந்து நிற்கும் மரையைப் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். அதற்குக் கரும்பழுப்பு உடம்பு, கழுத்தில் பிடரி மாதிரி அடர்ந்த உரோமம். உடம்பு பாதி காய்ந்திருக்கும்போது பற்குச்சியால் கழுத்தில் கீழ்நோக்கிக் கீறிவிட்டால் உரோமம் தெரியும். பழுப்பு நிறத்துக்குக் கொக்கோத் தூள் மலிவான வழி. ஆனால் அதில் கொழுப்பு இருக்கிறது, 100 கிராம் ஐசிங்குக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

காட்டுக்கோழிச் சேவலை விட்டுவிடாதீர்கள், நிறத்துக்கு அதைப்போல வேறில்லை. செம்மஞ்சள் உடம்பு, கருநீலம் கலந்த இறக்கையும் வாலும், சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள். அந்த மஞ்சள்தான் நம் நாட்டுக் காட்டுக்கோழியின் அடையாளம். சிவப்பு மிக எளிதாக ஊரும் நிறம். ஆகவே மஞ்சளை முதலில் போட்டுக் காயவைத்து, சிவப்பைச் சுற்றிப் பிறகு கட்டுங்கள்.

கண்கள் குழி விழுவதற்குக் காரணம் வேறு. சின்னப் புள்ளியில் ஐசிங் குறைவு, அதன் மேல்தோல் இறுகுமுன்பே உள்ளிருக்கும் நீர்த்த ஐசிங் சரிந்து அமர்ந்துவிடுகிறது. நீர் கூடிய ஐசிங்கும் மெதுவாகக் காய்வதும் சேர்ந்தால் குழி நிச்சயம். கண்களைத் தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கடதாசியில் வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்து, காய்ந்ததும் மேலே கறுப்புப் புள்ளி. முழுதாகக் காய்ந்தவற்றை உரித்து டப்பாவில் அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பிஸ்கட்டில் ஐசிங் ஈரமாக இருக்கும்போதே எடுத்து ஒட்டிவிடலாம். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் தை முதல் பங்குனி வரையான உலர்ந்த நாட்களில் ஒரு வருடத்துக்கான கண்களைச் செய்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தவர்களுக்கு நேர்மாறு. நாம் நனையும் இந்த ஆனி, ஆடியில்தான் அவர்களுக்குக் கச்சான் என்ற உலர்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காற்று ஐசிங்கையும் மேசையிலேயே காயவைத்துவிடும். மார்கழி மழையில் அவர்கள் நம்மிடம் கேள்வி கேட்பார்கள்.

நிறங்களில் ஒன்றே ஒன்று. மளிகைக் கடைகளில் சின்னப் போத்தலில் கிடைக்கும் திரவச் சாயம் நீர்தான். கறுப்பு வரும்வரை அதை ஊற்றினால் ஐசிங் ஓடிவிடும். ஜெல் கலர் வாங்குங்கள். கறுப்பைக் கரும்சாம்பலோடு நிறுத்தி, கிண்ணத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடி, ஓர் இரவு விடுங்கள். நிறம் தானாக ஆழமாகும். சாயம் குறைந்தால் பரவுவதும் குறையும், பிள்ளைகளின் நாக்கும் தப்பும்.

சனிக்கிழமைக்கு நாள் கணக்கு இப்படி வரும். செவ்வாய் கண்கள். புதன் பிஸ்கட் சுட்டு, கறுப்பையும் சிவப்பையும் கலந்து வைத்தல். வியாழன் காலையிலேயே அடி நிறங்களைத் தொடங்கி, பகுதி பகுதியாக மாலைக்குள் முடித்து, இரவு முழுக்க விளக்கெரியும் போறணையில். வெள்ளி காலை திட்டு, கீற்று, கொண்டை, முகபடாம். மீண்டும் இரவுவரை காற்றில். மின்சாரம் தடைப்பட்டால் தட்டுகளை வெளியே விட்டு வைக்காமல், மேல்தோல் இறுகியவற்றை டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு, மின்சாரம் வந்ததும் வெளியே எடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க மேலே தொட்டுப் பார்ப்பது போதாது. நிரப்பிய பகுதியின் நடுவில் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். கட்டியான ஓசை வந்தால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வத்தளைப் பெட்டிக்கு வருவோம். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் எண்ணெய்க் கடதாசி, ஓரங்களில் கசக்கிய கடதாசி, பிஸ்கட்டுகள் அசையக்கூடாது. கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஆடும் ஆட்டத்தை நினைத்து அடுக்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம். அண்ணிக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: பெட்டி வந்து சேர்ந்தவுடன் திறக்கக்கூடாது. மலைக்குளிரில் இருந்து இறங்கிய பிஸ்கட்டின் மேல் வத்தளையின் சூடான ஈரக்காற்று பட்டால், குளிர்ந்த கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் நிற்பதைப்போல நீர்த்துளிகள் படியும். சிவப்புக் கொண்டை மஞ்சள் உடம்பில் வழியும். மூடியபடியே இரண்டு மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு, டப்பாவின் அடிப்பக்கம் கைக்குக் குளிராமல் ஆன பிறகு திறக்கச் சொல்லுங்கள்.